வளைவுக்கு அந்தப் பக்கம்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டுமாடு இப்போது ஊர்க்காரராகிவிட்டது. காலையில் சுற்றுச்சுவரோரம் மேயும். மதியம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே படுத்து அசைபோடும். பொழுது சாய்ந்தால் சாலையை மறித்துக்கொண்டு நிற்கும். இருபதடி தள்ளி ஆள் நடந்துபோனாலும் தலையைத் தூக்காது. அதே காட்டுமாட்டை முதுமலையின் உட்காட்டில் பாருங்கள். புல்வெளியின் அந்தக் கோடியில் நம் தலை தெரிந்ததுமே மூக்கால் சீறி ஓர் எச்சரிக்கை விடும். அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் மூங்கில்களை முறித்துக்கொண்டு சரிவில் இறங்கியிருக்கும். இரண்டுக்கும் உடம்பும் ஒன்றுதான், மூளையும் ஒன்றுதான். மனிதர் எவ்வளவு நெருங்கினால் ஓட வேண்டும் என்ற கணக்கு மட்டும் வேறு.

இந்தக் கணக்கை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் ஹைனி ஹெடிகர். சுவிட்சர்லாந்துக்காரர், பாசல், சூரிக் நகரங்களின் விலங்குக் காட்சிசாலைகளுக்கு இயக்குநராக இருந்தவர். ஒவ்வொரு விலங்கையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வட்டங்கள் இருப்பதாக அவர் 1930களிலிருந்தே எழுதிவந்தார். வெளிவட்டத்துக்குள் காலை வைத்தால் விலங்கு விலகிப் போகும். அதை விலகும் தூரம் என்போம். விலக வழியில்லாத நிலையிலோ கவனிக்கத் தவறிய நேரத்திலோ உள்வட்டத்துக்குள் வந்துவிட்டால் அது நம்மை நோக்கி வரும். அது பாயும் தூரம்.

சர்க்கஸ் சிங்கத்தின் சாகசத்தை ஹெடிகர் இதை வைத்தே விளக்கினார். பயிற்சியாளர் வெளிவட்டத்துக்குள் நுழைந்ததும் சிங்கம் பின்வாங்குகிறது. முதுகு கூண்டுக் கம்பியில் முட்டியபின் போக இடமில்லை. அவர் இன்னும் ஓரடி வைத்து உள்வட்டத்தைத் தொட, சிங்கம் அவரை நோக்கிப் புறப்படுகிறது. நடுவே முக்காலி. அதன்மேல் ஏறி நிற்கிற கணத்தில் அவர் சட்டென்று ஓரடி பின்னால் எடுத்துவிடுகிறார். வட்டம் காலியானதும் சிங்கம் முக்காலியிலேயே நின்றுவிடுகிறது. பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள். அங்கே நடந்தது வீரமல்ல, அடிக்கணக்கு.

கனடாவின் ரான் யெடன்பர்க்கும் லாரன்ஸ் டில்லும் 1986இல் இதற்கு ஒரு பொருளாதாரப் பார்வையைச் சேர்த்தார்கள். ஆபத்தைப் பார்த்தவுடன் விலங்கு ஓடுவதில்லை. ஓடுவதற்கும் செலவு உண்டு: நல்ல மேய்ச்சல் போகும், உடற்சக்தி போகும், குட்டியைப் பிரிய நேரலாம். இருந்த இடத்தில் இருப்பதற்கும் செலவு உண்டு. எதிரி நெருங்க நெருங்க அது ஏறிக்கொண்டே போகும். எங்கே இரண்டும் சமமாகிறதோ அங்கேதான் கால் கிளம்பும். மேய்ச்சல் நன்றாக இருந்து, தினமும் கடந்துபோகிற மனிதர் ஒன்றும் செய்வதில்லை என்றால், ஓடுவது வீண்செலவு. குன்னூர் காட்டுமாட்டின் வெளிவட்டம் சுருங்கிப்போனது அப்படித்தான்.

சுற்றுலா வருபவர்கள் தவறவிடும் இடமும் இதுதான். வெளிவட்டம் சுருங்கியிருக்கிறதே தவிர உள்வட்டம் அழியவில்லை. விலகாமல் நிற்கிற மாட்டைச் சாதுவான மாடு என்று எடுத்துக்கொண்டு, செல்ஃபிக்காக இன்னும் இரண்டடி, இன்னும் ஓரடி என்று போகிறார்கள். பெரிய காளை ஆயிரம் கிலோ வரை இருக்கும். அது எச்சரிக்கும் விதமோ நமக்குப் புரியாத விதம். நாய் பல்லைக் காட்டும், பூனை முதுகை வளைக்கும். காட்டுமாட்டுக் காளை தன் முழு உடம்பையும் பக்கவாட்டில் திருப்பிக் காட்டும். தோளிலிருந்து முதுகின் பாதிவரை எழும்பி நிற்கும் அந்த மேடு முழுசாகத் தெரியும்படி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, கால்களை விறைத்து, மெல்ல மெல்ல அடியெடுத்து வைக்கும். மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா காட்டில் 1960களில் ஆய்வு செய்த ஜார்ஜ் ஷாலர் இதை விவரித்திருக்கிறார். இரண்டு காளைகள் இப்படியே ஒன்றுக்கொன்று உடம்பைக் காட்டி, மோதாமலேயே யார் பெரியவர் என்று முடிவு செய்துகொள்ளும். இதைப் பார்க்கும் மனிதரோ, படத்துக்கு வாகாகத் திரும்பி நிற்கிறது என்று மகிழ்ந்துபோகிறார். கன்று பக்கத்தில் இருந்தால் இந்த முன்னறிவிப்பும் கிடைக்காது.

சாலையோரத்து மாடாவது கண்ணுக்குத் தெரிகிறது. காட்டுப்பாதையில் நடக்கும்போது பெரும்பாலும் நாம் எதையும் பார்ப்பதில்லை. நாள் முழுக்க நடந்துவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்புகிறவர்கள் உண்டு. உண்மையில் அவர்களை மிளாவும் கரடியும், ஏன், சிறுத்தையும்கூடப் பார்த்திருக்கும், முகர்ந்திருக்கும், வழிவிட்டு ஒதுங்கியிருக்கும். வெளிவட்டம் ஒழுங்காக வேலை செய்த நாள் அது. அந்த வட்டம் தவறிப்போய், இரு தரப்பும் ஒன்றையொன்று உள்வட்டத்துக்குள் வைத்தே முதன்முதலாகப் பார்த்துக்கொள்கிற நாள்தான் மோசமானது. அப்படித் தவறவைப்பதற்கு மலையிடம் நிறையக் கருவிகள் இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவு, பருவமழைக்கால மஞ்சு, ஆள் உயரத்துக்கு மண்டிய உண்ணிச்செடி, எந்தக் காலடியோசையையும் விழுங்கிவிடும் ஓடை. எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று.

சமவெளியில் காற்றுத் திசையைக் கணிப்பது கடினம். மலைச்சரிவில், மேகமும் பெருங்காற்றும் இல்லாத நாளில், அது ஒரு நேரப்படி நடக்கிறது. வெயில் ஏறியதும் சரிவின் தரை சூடாகிறது. அதை ஒட்டிய காற்றும் சூடாகி, இலேசாகி, சரிவைத் தடவிக்கொண்டே மேலேறுகிறது. கிழக்கு பார்த்த சரிவில் இது முதலில் தொடங்கும். பொழுது சாய்ந்தபின் தரை குளிர, காற்றும் குளிர்ந்து கனத்துப் பள்ளத்தை நோக்கி வடிகிறது.

இதை ஒரு நடையோடு பொருத்திப் பாருங்கள். காலை பத்து மணிக்கு மலையேறுகிறவரின் வாடை அவருக்கு முன்னால் ஏறிப்போகிறது. மேலே மேய்ந்துகொண்டிருக்கும் யானைக்கு அவர் வருவது முன்பே தெரியும். அதே பத்து மணிக்கு, சிகரத்திலிருந்து சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்குகிறவருக்கு எல்லாமே தலைகீழ். காற்று கீழேயிருந்து அவர் முகத்தில் அடிக்கிறது. வாடை முதுகுக்குப் பின்னால் போகிறது. கீழே நிற்கும் விலங்குக்கு அவர் அங்கே இல்லவே இல்லை. களைத்துப்போன கால், பேச்சு ஓய்ந்த வாய், இறக்கத்தில் தானாக வரும் வேகம் என எல்லாம் சேர்ந்து, வளைவைத் திரும்பும்போது எதிரே ஒரு சாம்பல் நிறச் சுவர் நிற்கிறது. மாலையில் இந்தக் கணக்கு மறுபடி மாறும். பழைய வேட்டைக்காரர்கள் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்து விலங்கை நெருங்குவதற்குப் பயன்படுத்தினார்கள். நடப்பவர் அதையே நெருங்காமல் இருப்பதற்குப் பயன்படுத்த வேண்டும்.

வாடை ஏன் இவ்வளவு முக்கியம்? ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் பல பாலூட்டிகளின் மரபணுத் தொகுதியில் மோப்பத்துக்கான மரபணுக்களை எண்ணிப் பார்த்தார்கள். மனிதரிடம் வேலை செய்கிற நிலையில் இருந்தவை 400க்குச் சற்றுக் குறைவு. ஆப்பிரிக்க யானையிடம் ஏறக்குறைய 2,000. அவர்கள் ஒப்பிட்டவற்றில் அதுவே மிக அதிகம். நாயைவிடவும் எலியைவிடவும் கூடுதல். பகல் வெளிச்சத்தில் யானையின் தொலைபார்வை சுமார்தான். அசையாமல் நிற்கும் ஆளை அது கண்ணால் கண்டுபிடிக்கத் திணறலாம். தும்பிக்கை நுனி மேலே எழும்பி நம் பக்கம் வளைந்தால் அதற்குமேல் ஒளிவதில் பொருளில்லை.

யானைக்கூட்டத்தின் இன்னொரு இரகசியம் நம் காதுக்கு எட்டாதது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் தென்னிந்தியக் காடுகளில் யானைகளைக் கவனித்து 1972இல் எழுதியபோதே, கேட்டும் கேட்காததுமான ஒரு தாழ்ந்த தொண்டையொலியைக் குறிப்பிட்டிருந்தார். 1984இல் கேட்டி பெய்ன் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே இருந்தபோது, காற்றில் ஏதோ அதிர்வதை உடம்பால் உணர்ந்தார். சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில், ஆர்கனின் மிகப் பெரிய குழாய்க்குப் பக்கத்தில் நின்றபோது நெஞ்சில் அதிர்ந்தது நினைவுக்கு வந்தது. கருவிகளோடு மறுபடி போய்ப் பதிவு செய்தார். 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான குரல். நம் காது பொதுவாக 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதில்லை. இவ்வளவு தாழ்ந்த ஒலி மரங்களில் பட்டுச் சிதறாமல் வெகுதூரம் போகும்.

நடப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. ஒரே ஒரு பெண்யானை தனியாக மேய்வதைப் பார்த்தால், அது தனியாக இல்லை. தங்கைகளும் மகள்களும் குட்டிகளும் பள்ளத்தில், புதருக்குள், ஓடைக்கு அந்தப் பக்கம் எனப் பரவி நின்று, நமக்குக் கேட்காத குரலில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்றைத் தவிர்க்கச் சுற்றி நடந்து, இன்னொன்றுக்கும் அதன் குட்டிக்கும் நடுவே போய் மாட்டிக்கொள்வதுதான் பெரும் விபத்து. வந்த வழியே திரும்புவது எப்போதும் நல்லது. அங்கே எதுவும் இல்லை என்று சற்றுமுன் பார்த்துவிட்டுத்தானே வந்தோம்.

காதை விரித்து, தலையை உயர்த்தி, பிளிறிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் மிரட்டல். தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தால் நிஜம் என்று கையேடுகள் சொல்லும். தப்பில்லை. ஆனால் மூன்று டன் எடை முப்பதடியில் புறப்படும்போது இந்த வேறுபாட்டை நிதானமாக ஆராய்கிற ஆள் யார் என்பது எனக்குத் தெரியவில்லை. ஓடி ஜெயிக்க முடியாது என்பது மட்டும் அளந்து பார்க்கப்பட்ட உண்மை. தாய்லாந்தில் ஆசிய யானைகளின் ஓட்டத்தை ஜான் ஹட்சின்சன் குழுவினர் படம்பிடித்து 2003இல் வெளியிட்டார்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை அவை சுலபமாக எட்டின. கல்லும் வேரும் நிறைந்த பாதையில் நம்மில் யாரும் அந்த வேகத்தைத் தொட மாட்டோம்.

என்னைக் கேட்டால், நம் மலைகளில் யானையைவிட யோசிக்க வைப்பது கரடி. காரணம், வெளிவட்டம் என்பதே அதற்குப் பாதி நேரம் வேலை செய்வதில்லை. நம் ஊர்க் கரடிக்குக் கரையான் முக்கிய உணவு. அதற்கேற்ப அதன் முகமே மாறியிருக்கிறது. மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. உதடுகள் நீண்டு குழல்போல் குவியும். நாசித்துளைகளை விரும்பியபோது மூடிக்கொள்ள முடியும். புற்றைக் கொக்கிபோன்ற நகங்களால் பிளந்து, புழுதியை ஊதித் தள்ளிவிட்டு, வாயைப் பொருத்தி 'சர்ர்ர்' என்று உறிஞ்சும். நூறு மீட்டருக்கு அப்பாலும் அந்தச் சத்தம் கேட்கும். மூக்கு மூடியிருக்கிறது, தலை குழிக்குள் இருக்கிறது, காதருகே மோட்டார் ஓடுவதுபோல் தன் சத்தமே நிறைந்திருக்கிறது. கண்ணோ ஏற்கெனவே மந்தம். பத்தடியில் நாம் வந்து நிற்பது வரை அதற்குத் தெரியாது. தெரிந்ததும் அது ஓடுவதில்லை, மேலே விழுகிறது.

ஏன் ஓடாது? கரடி வளர்ந்த காடு புலியும் சிறுத்தையும் உள்ள காடு. ஓட்டத்தில் புலியை வெல்ல முடியாது. மரமேறினால் சிறுத்தையும் ஏறும். புற்றைத் தோண்டுவதற்காக நீண்ட நகம் சண்டைக்கும் உதவும். தாயின் முதுகில் குட்டிகள் சவாரி செய்துகொண்டிருந்தால் ஓட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அருகே திடீரென்று எது முளைத்தாலும் முதல் அடி நம்முடையதாக இருக்கட்டும் என்ற குணம் பல இலட்சம் ஆண்டுகளில் ஊறியது. மனிதர் என்பதற்காக அது விதிவிலக்குத் தருவதில்லை. காயங்கள் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் விழுவதற்கும் அதுவே காரணம். எழுந்து நின்று எதிரியின் முகத்தைத்தான் அது குறிவைக்கிறது.

நாம் எல்லோரும் சின்ன வகுப்பில் படித்த, கரடியிடம் மாட்டிய இரண்டு நண்பர்கள் கதையில் ஒருவன் மரமேறித் தப்பிக்கிறான், மற்றவன் செத்தவன்போல் கீழே படுத்துக்கொள்கிறான். நம் கரடியிடம் மரமேறுவது நடக்காது. தேனடைக்காக அது மரமேறக்கூடியது. கீழே படுத்த நண்பன் விஷயத்தில் கதை ஓரளவு சரி. மேலே பாய்ந்துவிட்டபின், குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பின்கழுத்தை மூடிக்கொள்ளும்படிதான் கரடி ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். பள்ளத்தை நோக்கி ஓடினால் கரடியின் முடி கண்ணில் விழுந்து மறைக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் மறந்துவிடலாம்.

இதற்கு நேர் எதிர், சிறுத்தை. அது கண்டுபிடிக்கப்படுவதையே வெறுக்கிறது. ஐவரி கோஸ்ட் நாட்டின் தாய் (Taï) என்னும் காட்டில் ரேடியோ பட்டை கட்டிய சிறுத்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 1999இல் வெளியானது. குரங்குகள் எச்சரிக்கைக் குரல் எழுப்பியதும், பதுங்கியிருந்த சிறுத்தை இனிப் பயனில்லை என்று இடத்தைக் காலி செய்தது. அந்தக் குரல் கூட்டாளிகளுக்கு மட்டுமல்ல, சிறுத்தைக்கும் சேர்த்தே: உன்னைப் பார்த்துவிட்டோம். நம் சோலைகளில் கருமந்தி தொடர்ந்து கத்தினாலோ மிளா முன்னங்காலைத் தரையில் அறைந்து 'டாங்க்' என்று அலறினாலோ, அந்தப் பக்கம் நமக்கும் ஒரு சேதி இருக்கிறது. கண்ணுக்குக் கண் பார்க்க நேர்ந்தால் குனியாமல், முதுகு காட்டாமல், மெதுவாகப் பின்வாங்கினால் போதும். மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் கரும்புக்காட்டுக்கு நடுவே 100 சதுர கிலோமீட்டருக்கு ஐந்து சிறுத்தைகள் என்ற அளவில் வாழ்வதை வித்யா ஆத்ரேயா குழுவினர் 2013இல் காட்டினார்கள். அங்கே மக்கள் நெருக்கமாக வசிக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கண்ணில் சிறுத்தை படுவதில்லை.

ஆக, நாம் இருப்பதை முன்கூட்டியே அறிவிப்பது எப்படி? பேசிக்கொண்டே நடப்பது. மிகச் சாதாரணப் பேச்சு. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பகுதி நீர்நிலைகளில் லியானா சானெட் குழுவினர் தானியங்கிக் கேமராவும் ஒலிபெருக்கியும் வைத்து, மனிதர் இயல்பாகப் பேசும் குரலையும் சிங்கத்தின் உறுமலையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். 2023இல் வந்த முடிவு: 95 சதவீத விலங்கினங்கள் சிங்கத்தைவிட மனிதக் குரலுக்கே அதிகம் ஓடின. ஒரு யானை மட்டும் சிங்க உறுமல் கேட்ட கோபத்தில் வந்து கருவியையே மிதித்து நொறுக்கிவிட்டது.

யானை குரலைத் தரம்பிரிக்கவும் செய்யும். கென்யாவின் அம்போசெலியில், யானைகளோடு மோதுகிற மசாய் ஆண்களின் குரலுக்கு அவை கூடிநின்று பின்வாங்கின; விவசாயம் செய்யும் கம்பா ஆண்களின் குரலுக்கும், மசாய் பெண்கள், சிறுவர்களின் குரலுக்கும் அந்த அளவு அஞ்சவில்லை. கேரன் மெக்கோம்ப் குழுவினர் இதை 2014இல் எழுதினார்கள். நம் யானைகளிடம் இந்தச் சோதனை எப்படிப் போகுமோ. பட்டாசு கொளுத்துகிறவர் குரலையும் தேயிலை கிள்ளுகிறவர் குரலையும் அவை ஒன்றாக வைத்திருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

பேச்சு வேறு, கையில் புளூடூத் ஸ்பீக்கரை அலறவிட்டு நடப்பது வேறு. பாட்டு நம்மை அறிவிக்கும்; கிளை முறிகிற ஓசையை நமக்குக் கேட்காமலும் செய்துவிடும்.

மனிதருக்கு அஞ்சி விலங்குகள் நேரத்தையும் மாற்றிக்கொண்டுவிட்டன. ஆறு கண்டங்களில் 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மனித நடமாட்டம் உள்ள இடங்களில் அவற்றின் இரவு நடமாட்டம் 1.36 மடங்காகியிருப்பது 2018இல் தெரியவந்தது. பகலை நமக்கு விட்டுக்கொடுத்திருக்கின்றன. மிச்சமிருக்கும் உரசல் விடியலிலும் அந்தியிலும். சூரிய உதயம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் சரியாக அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வால்பாறையில் இந்த அறிவு முழுவதும் ஓர் ஏற்பாடாகவே மாறியிருக்கிறது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் தேயிலை, காப்பித் தோட்டமும் அவற்றிடையே சோலைத் துண்டுகளும். சுற்றிலும் ஆனைமலைக் காடு. உள்ளே 70,000 பேர் அளவில் மக்கள். யானையால் அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் யானை நிற்பது தெரியாமல் அதன் அருகே நடந்துபோனவர்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆனந்தகுமாரும் சகாக்களும் யானையை விரட்டுவதில் இறங்கவில்லை. யானை எங்கே நிற்கிறது என்ற தகவலை நகர்த்தினார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து, பிறகு செல்போனில் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தி, முக்கியமான திருப்பங்களில் கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு. அந்தந்தப் பகுதி மக்களே தங்கள் செல்போனிலிருந்து அழைத்து விளக்கை எரியவைக்கலாம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். உயிரிழப்பு குறைந்தது. 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

இதில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. செய்தி போவது பதிவு செய்துகொண்ட உள்ளூர் எண்களுக்கு. சனிக்கிழமை கோவையிலிருந்து வந்து இறங்குகிறவரின் போனுக்கு எதுவும் வராது. சிவப்பு விளக்கைப் பார்த்தாலும் ஏதோ டவர் விளக்கு என்றுதான் நினைப்பார். அவருக்கு இருக்கிற ஒரே வழி எஸ்டேட் டீக்கடை. "அண்ணே, மேல நடந்து போலாமா?" என்று கேட்டால், கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே சொல்வார்: "நேத்து ராத்திரி ஒத்தை ஒண்ணு பம்ப் ஹவுஸ்கிட்ட நின்னுச்சு தம்பி. இன்னும் இறங்கலை. கீழ் ரோட்டுல போய்ட்டு வாங்க."